வீட்டில் சார் இருக்காரா?

“வீட்ல சார் இருக்காரா மேடம்? இருந்தா அவர்கிட்ட ஃபோனைக் குடுங்களேன்.”

டி.வி.யில் படம் வரவில்லை என்று சேவை எண்ணுக்கு அழைத்த பெண்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. சந்தாதாரர் எண்ணைச் சொன்னது அவள். நேற்று மாலை மழை பெய்ததையும், அப்போது படம் கட்டம் கட்டமாக உடைந்ததையும், மழை விட்ட பிறகும் திரும்பி வராததையும் வரிசையாகச் சொன்னதும் அவள். பழுதைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவல் அத்தனையும் அவள் வாயிலிருந்துதான் வந்தது. ஆனாலும் அடுத்து நடக்கவேண்டிய பேச்சுக்கு அவள் போதாது. ரிமோட்டில் மூன்று பொத்தான்களைத் தவிர வேறெதையும் தொட்டிராதவராக இருந்தாலும் சரி, ஓர் ஆண் குரல் வேண்டும்.

கேட்பவர் பல நேரம் இன்னொரு பெண்தான். நிமிடக் கணக்கில் அழைப்புகளை முடிக்கவேண்டிய வேலையில் இருப்பவர். அவர்மேல் கோபித்துப் பயனில்லை. அவருக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தது இந்த ஊர். மறுமுனையில் இருப்பவளும் பெரும்பாலும் அதற்குப் பழகித்தான் இருக்கிறாள். “ஏங்க, உங்களைத்தான் கேக்குறாங்க” என்று ஃபோனை நீட்டுகிறாள். அவர் வெளியூரில் இருந்தால், மகன் கல்லூரியிலிருந்து வரட்டும் என்கிறாள். மகனும் இல்லையென்றால் மாடி வீட்டுத் தம்பி. பன்னிரண்டு வயதுப் பையனைக்கூட நம்பி ஸ்பேனரைக் கொடுப்பார்கள், எம்.எஸ்சி. இயற்பியல் படித்த அவன் அத்தை கீழே நின்று டார்ச் அடிக்க வேண்டும்.

டிஷ் ஆண்டெனா ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயம் என்பதால்தான் அதை எடுத்துக்கொள்கிறேன். கருவிகளைப் புரிந்துகொள்வதும் பழுதுபார்ப்பதும் ஆணின் பிறவிக் குணம் என்ற பொய்யை நாம் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. வீட்டுக்குள், இப்படிப்பட்ட சின்னச் சின்ன காத்திருப்புகளில்தான் அது நமக்குள் இறங்குகிறது. அதை முதலில் உடைக்கவும் வீட்டுக்குள் இதைவிட எளிய இடம் கிடையாது.

முதலில், அந்த மகா ரகசியம் என்னவென்று பார்த்துவிடுவோம்.

நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் இருக்கிறது. பூமி சுற்றும் அதே வேகத்தில் அதுவும் சுற்றுவதால், நம் கண்ணுக்கு அது வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத்தான். அதனால்தான் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டால் போதுமானதாக இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் நம் டி.டி.எச். செயற்கைக்கோள்கள் தெற்குக்கும் கிழக்குக்கும் இடையில், வானத்தில் நன்றாக மேலே இருக்கின்றன. டிஷ்ஷின் முகம் பார்ப்பதற்குத் தாழ்வாகத் தெரிந்தாலும் அது வாங்குவது மேலேயிருந்துதான். எல்.என்.பி.யைத் தாங்கும் கை கீழ்ப்பக்கம் தள்ளி இருப்பது அதற்காகவே.

டிஷ் வெறும் தகடு. மேலேயிருந்து விழும் அலையைத் திரட்டி, தன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற சின்ன உறுப்பின் வாய்க்குள் அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. வரும் அலையின் அதிர்வெண் மிக அதிகம்; 11, 12 கிகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அப்படியே கேபிளில் அனுப்பினால் வழியிலேயே தேய்ந்துபோகும். எல்.என்.பி. அதைக் குறைந்த அதிர்வெண்ணுக்கு மாற்றிக் கீழே அனுப்புகிறது. அதற்கு வேண்டிய மின்சாரம் வேறு கம்பியில் போவதில்லை. செட்டாப் பாக்ஸிலிருந்து அதே கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் மேலே ஏறுகிறது. எந்த வகை அலையைப் பிடிக்க வேண்டும் என்பதை எல்.என்.பி.க்குச் சொல்வதும் அந்த வோல்ட் மாற்றம்தான்.

இவ்வளவுதான். வானம், தகடு, எல்.என்.பி., ஒரு கேபிள், ஒரு பெட்டி, ஒரு டி.வி. ஆறு கண்ணிகள் உள்ள சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பழுதுபார்ப்பது. ரசத்தில் என்ன குறைகிறது என்று ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்துச் சொல்கிறவளுக்கு இந்த வகை யோசனை அந்நியமா என்ன?

சங்கிலியை இரண்டாகப் பிரிக்க ஒரே ஒரு பொத்தான் போதும். செட்டாப் பாக்ஸின் ரிமோட்டில் ‘மெனு’வை அழுத்துங்கள். திரையில் மெனு வந்துவிட்டால் டி.வி.யும், அதையும் பெட்டியையும் இணைக்கும் ஒயரும் நன்றாக இருக்கின்றன. கோளாறு பெட்டிக்கும் வானத்துக்கும் நடுவில். மெனுவே வரவில்லை என்றால் மாடிக்கு ஏறுவது வீண். பெட்டி அணைந்திருக்கலாம், ஒயர் நழுவியிருக்கலாம், அல்லது குழந்தை டி.வி. ரிமோட்டை அழுத்தி எச்.டி.எம்.ஐ. 1 என்றிருந்ததை 2 ஆக மாற்றியிருக்கலாம். அப்போது ‘நோ சிக்னல்’ என்று எழுதிக் காட்டுவது டி.வி.; அதற்கும் டிஷ்ஷுக்கும் சம்பந்தம் இல்லை. இதற்காக ஆள் வரவழைத்துக் காசு கொடுத்த வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. வந்தவர் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டு போவார்.

‘சந்தா முடிந்துவிட்டது’, ‘இந்தச் சேனல் உங்கள் பேக்கில் இல்லை’ என்று செய்தி வந்தால் அதுவும் சிக்னல் கோளாறு இல்லை. பணம் கட்ட வேண்டும், அல்லது பேக்கைப் பார்க்க வேண்டும். ஒரு தொகுதிச் சேனல்கள் மட்டும் போய், மற்றவை தெளிவாக வந்தால், 13–18 வோல்ட் மாற்றத்தில் ஏதோ ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். எல்.என்.பி. அல்லது கேபிள் காரணமாக இருக்கும்.

மெனு வருகிறது, சேனல் மட்டும் வரவில்லை என்றால், அந்த மெனுவுக்குள்ளேயே சிக்னல் அளவைக் காட்டும் பக்கம் இருக்கும். அதில் இரண்டு கோடுகள்: ஸ்ட்ரென்த், குவாலிட்டி. இரண்டுமே பூஜ்யம் என்றால் கேபிள் எங்கோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது எல்.என்.பி. செத்துவிட்டது. ஸ்ட்ரென்த் இருக்கிறது, குவாலிட்டி மட்டும் இல்லை என்றால் டிஷ் திரும்பிவிட்டது என்பதற்கு அது நல்ல அறிகுறி. ஒரு பாகை திரும்பினாலே 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் அதன் பார்வை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடித்தவர் டிஷ்ஷில் சாய்ந்திருக்கலாம். குரங்கு தொங்கியிருக்கலாம். போன வருடம் தோள் உயரத்தில் நின்ற பக்கத்து வீட்டுத் தென்னை இப்போது டிஷ்ஷின் பார்வைக்குக் குறுக்கே மட்டையை நீட்டியிருக்கலாம்.

மேலே போகும் முன், கீழேயே இன்னொன்று உண்டு. பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் திருகியிருக்கும் கேபிளை விரலால் கழற்றுங்கள். நடுவில் ஒரு செம்புக் கம்பி நேராக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது வளைந்திருந்தாலோ, பச்சை பூத்திருந்தாலோ, சுற்றியுள்ள மெல்லிய பின்னல் கம்பியில் ஒரு இழை அதைத் தொட்டாலோ சிக்னல் வராது. துடைத்து, நேராக்கி, திரும்பவும் விரலால் முடுக்கினால் போதும். ஸ்பேனர்கூட வேண்டாம். மழைக்குப் பிறகு வரும் கோளாறுகளில் மாடியில் உள்ள இதே மாதிரி இணைப்புக்குள் தண்ணீர் இறங்குவது மிகச் சாதாரணமான காரணம்.

மழை பெய்யும்போதே படம் உடைந்தால் எதுவுமே செய்ய வேண்டாம். இந்த அதிர்வெண்ணில் வரும் அலை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். பெரிய மழைத்துளிகள் அதை விழுங்கியும் சிதறடித்தும் விடுகின்றன. மழை குறைந்தால் தானாக வரும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடங்கள் மட்டும் படம் போய்த் திரும்பி வந்தால் அதற்கும் பழுது என்று பெயரில்லை. அந்த நாட்களில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அதன் இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அமுங்கிப்போகிறது.

இதில் எந்த இடத்தில் ஆண் உடல் தேவைப்பட்டது? எந்த இடத்தில் புஜபலம்?

“மாடிக்கு ஏறணுமே” என்பார்கள். மொட்டைமாடியைப் பற்றிப் பேசலாம். ஈரத்துணி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு தினமும் அங்கே ஏறுவது யார்? சித்திரை வெயிலில் வடாம் பிழிந்து, மிளகாய் காயவைத்து, காக்கை வராமல் காவல் உட்கார்ந்து, சாயங்காலம் இருட்டும் முன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு இறங்குவது யார்? மழை தூறியதும் எல்லோருக்கும் முன்னால் மாடிக்கு ஓடுவது யார்? பெண்ணுக்கு மொட்டைமாடி நன்றாகத் தெரிந்த இடம். அவள் பணியிடங்களில் ஒன்று. ஆனால் துணிக்கொடியிலிருந்து நான்கடி தள்ளி நிற்கும் டிஷ் மட்டும் அவள் எல்லைக்கு வெளியே. கொடியின் ஒரு முனையை அந்த டிஷ் கம்பத்திலேயே கட்டியிருப்பாள். அப்போதும் அந்தக் கம்பம் அவளுடையது ஆவதில்லை.

வேலை என்றால் மாடி திறந்திருக்கிறது. வேடிக்கை பார்க்க, காற்று வாங்க, ஒரு கருவியைத் தொட என்றால் அது மூடிக்கொள்கிறது. வயதுக்கு வந்த பெண் அந்தி நேரத்தில் மாடியில் நின்றால் ‘அங்கே என்ன வேலை’ என்று கீழேயிருந்து குரல் வரும். வாடகை வீடு என்றால் மாடிச் சாவி வீட்டுக்காரரிடம். டிஷ்ஷைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெண் தனியாகப் போய்ச் சாவி கேட்டால், “சார் வந்ததும் வரச் சொல்லும்மா” என்பார். சேவை மையத்தின் கேள்விதான் இங்கும்.

ஆபத்தைப் பற்றிய பேச்சிலும் இந்தக் கணக்கு உண்டு. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி, ஓட்டுக் கூரை, மின்கம்பி பக்கத்தில் போகும் சுவர், இடி மின்னல் நேரம் — இங்கெல்லாம் யாரும் ஏறக் கூடாது. பெண் மட்டுமல்ல, ஆணும் ஏறக் கூடாது. அதற்கென்று பயிற்சியும் கயிறும் உள்ளவர் வர வேண்டும். ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ‘நீ ஏறாதே, விழுந்துவிடுவாய்’ என்று மகளைத் தடுத்துவிட்டு, அதே வழுக்கும் சுவரில் மகனை ஏற்றிவிடுகிறோம். ஒருத்திக்குப் பயத்தைக் கொடுக்கிறோம், ஒருவனுக்கு வீரத்தைக் கொடுக்கிறோம். இருவருக்கும் கொடுத்திருக்க வேண்டிய பாதுகாப்பு அறிவை இருவருக்குமே கொடுப்பதில்லை.

டிஷ் வருவதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பாருங்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது. எண்பதுகளில் மாடிகளில் மீன்முள் போன்ற ஆண்டெனாக்கள் முளைத்தன. கடலோர ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்க இன்னும் உயரமான கம்பங்களை நட்டார்கள். காற்றடித்து ஆண்டெனா திரும்பிவிட்டால் அண்ணன் மாடியில் நின்று திருப்புவார். டி.வி. முன்னால் அம்மா. படிக்கட்டில் தங்கை. “தெரியுதா?” “புள்ளி புள்ளியா இருக்கு.” “இப்போ?” “இன்னும் கொஞ்சம்… போதும், போதும், அப்படியே விடு!”

அண்ணன் ஆண்டெனாவைச் சரிசெய்தார் என்றுதான் அந்தக் கதை எல்லா வீட்டிலும் சொல்லப்படுகிறது. ஆனால் மாடியில் இருந்தவருக்குத் திரை தெரியாது. எந்தக் கோணத்தில் படம் தெளிகிறது என்று அளந்து சொன்னது அம்மா. அந்த அளவைச் சிதறாமல் மேலே கொண்டுபோனது தங்கை. இன்று பழுதுபார்க்க வருபவர் கையில் வைத்திருக்கும் சிக்னல் மீட்டர் செய்யும் வேலையை அன்று அந்த இரண்டு பெண்கள் செய்தார்கள். கம்பியைத் திருகியதற்குத் தொழில்நுட்பம் என்று பெயர். அளந்து சொன்னதற்குப் பெயரே இல்லை.

1983இல் சிந்தியா காக்பர்ன் ‘பிரதர்ஸ்’ என்ற நூலில், லண்டன் பத்திரிகை அச்சகங்களில் அச்சுக்கோக்கும் ஆண்களைப் பற்றி எழுதினார். திறமை என்று அழைக்கப்படுவது கைப்பழக்கம் மட்டும் இல்லை, யாரை அந்த வேலைக்குள் விடுவது என்ற அதிகாரமும் அதில் கலந்திருக்கிறது என்பதை அந்த நூல் காட்டியது. லண்டன் வரை போகவேண்டியதில்லை; நம் சமையலறைக்கு வாருங்கள். பிரஷர் குக்கர் வெடிக்கக்கூடிய கருவி. அதன் கேஸ்கட்டை மாற்றுவதும், வெயிட்டின் துளையில் அடைப்பு எடுப்பதும், சேஃப்டி வால்வ் உருகியிருக்கிறதா என்று பார்ப்பதும், ரெகுலேட்டர் சரியாக உட்கார்ந்ததா என்று வாசனை பிடித்துப் பார்ப்பதும் பெண்கள். இவை எல்லாமே பழுதுபார்ப்பு. தவறினால் உயிர் போகும் பழுதுபார்ப்பு. ஆனால் இவற்றை ‘வீட்டு வேலை’ என்கிறோம். 13 வோல்ட் ஓடும் ஒரு கேபிளைத் திருகுவதை ‘டெக்னிக்கல்’ என்கிறோம்.

வீட்டுக்கு வெளியே போனால் இந்தப் பொய் இன்னும் அப்பட்டம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்து 2014இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையில் கைபேசிகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் கைகளும் பெரும்பாலும் பெண்களுடையவை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உறுப்புகளைப் பொருத்தும் நுட்பம் அவர்களுக்கு இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரியும். அந்த வேலைக்குப் ‘பெண்களின் மெல்லிய விரல்கள், பொறுமை’ என்று பெயர் வைத்து, குறைந்த கூலியும் நெரிசலான விடுதியும் கொடுப்பார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதே வெளியே தெரிந்தது. ஷிஃப்டில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கருவிகளைத் தொடும் பெண், விடுமுறைக்கு ஊருக்குப் போனால், ஒரு கனெக்டரைத் திருகத் தம்பிக்காகக் காத்திருக்க வேண்டும்.

மேலே, வானத்திலும் கதை அதுதான். 2011இல் ஏவப்பட்ட ஜிசாட்-12 தகவல்தொடர்புச் செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் டி.கே. அனுராதா. 2014 செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாயை எட்டியபோது, புடவை கட்டிப் பூ வைத்த இஸ்ரோ பெண்கள் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. குடும்ப வாட்ஸப் குழுக்களில் அதைப் பெருமையாகப் பகிர்ந்தவர்கள் நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும்தான். செயற்கைக்கோளைப் பெண் செய்யலாம்; அதைப் பார்க்கும் தகட்டைப் பெண் தொடக் கூடாது. ஏனென்றால் அந்தப் பெண் எங்கோ இருக்கிறாள். வீட்டுக்குள் இருப்பவள் தொட்டால், ‘உனக்கென்ன தெரியும்’ என்ற வாக்கியம் வேலை செய்யாமல் போய்விடும்.

பழுதை எப்போது சரிசெய்வது என்பதிலும் ஒரு தரவரிசை உண்டு. கிரிக்கெட் நடக்கும்போது சிக்னல் போனால் அது அவசரம். பத்து நிமிடத்தில் ஸ்பேனர் வந்துவிடும், நண்பர்கள் வந்துவிடுவார்கள், இருட்டானாலும் மாடியில் ஆள் ஏறும். மாலை ஏழு மணித் தொடருக்கு முன்னால் போனால்? “ஒரு நாள் சீரியல் பாக்கலைன்னா செத்தா போயிடுவே?” தொடர்களைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு. மாமியாரும் மருமகளும் ஒருவர் கழுத்தை ஒருவர் அறுக்கும் கதைகளை நாளெல்லாம் ஊட்டுபவர்களை நாம் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்தக் கேள்வி வேறு; இந்த ஏளனம் வேறு. காலை ஐந்து மணியிலிருந்து நின்றவள் உட்காருகிற அந்த அரை மணி நேரத்துக்கு மதிப்பில்லை என்பதுதான் இந்த ஏளனத்தின் பொருள். அவள் ஓய்வுக்கு மதிப்பில்லாததால் அவள் பழுதுக்கும் அவசரம் இல்லை. வெளியே போக முடியாத பாட்டிக்கு அந்தப் பெட்டி மட்டும்தான் நாள் முழுக்கப் பேச்சுத் துணை என்பதெல்லாம் யார் கணக்கிலும் வராது.

2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011இல் வந்த அ.தி.மு.க. அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ரேஷன் அட்டையோடு வரிசையில் நின்று இவற்றை வாங்கிவந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை அந்த வரிசைகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். இந்தத் திட்டங்களை ‘பெண்களை ஏமாற்றும் இலவசம்’ என்று இளக்காரமாகப் பேசும் மேட்டுக்குடிக் குரலோடு எனக்கு உடன்பாடில்லை. அரைக்கும் கல்லில் குனிந்திருந்த முதுகுக்கு அந்தக் கிரைண்டர் என்ன செய்தது என்று அந்த முதுகுதான் சொல்ல வேண்டும். என் குறை வேறு. கருவி வீட்டுக்கு வந்தது. அதைப் பற்றிய அறிவு வரவில்லை. பெண்களை நடுவில் வைத்து இவ்வளவு கருவிகளைக் கொடுத்த மாநிலத்தில், ஊருக்கு நான்கு பெண்களுக்கு அவற்றைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுப்பதை அந்தத் திட்டங்களின் பகுதியாகவே ஆக்கியிருக்கலாம். மிக்சி ஓடாமல் போனால் அது பரண்மேல் ஏறியது, அல்லது கடைத்தெரு அண்ணனிடம் போனது.

இனி, இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று: பெயர்.

டி.டி.எச். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? பதிவு செய்த கைபேசி எண் யாருடையது? பேக்கை மாற்ற, புகார் கொடுக்க, முகவரி மாற்ற, எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள், ஓ.டி.பி. அங்கேதான் போகிறது. டி.வி.யை அதிகம் பார்ப்பவள் அவள், ரீசார்ஜ் தேதியை நினைவில் வைத்திருப்பவள் அவள், மளிகைப் பணத்தில் மிச்சம் பிடித்துக் கட்டுபவளும் பல வீடுகளில் அவள். ஆனால் அந்த நிறுவனத்தின் கணினியில் அவள் இல்லை. 2019இல் கட்டண முறை மாறியபோது, வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் உரிமை சந்தாதாரருக்கு வந்தது. வந்தது யாருக்கு? எண் யாருடையதோ அவருக்கு. ஆறு விளையாட்டுச் சேனலும் ஒரு தொடர் சேனலும் உள்ள பேக்கை அவர் தேர்ந்தெடுத்தால் அதுதான் வீட்டுக்கு.

கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் இது தினசரித் தொல்லை. சண்டை போட்டுப் பிரிந்துபோன வீட்டில் இது அவமானம்: ஒரு ஓ.டி.பி.க்காக அவரையே அழைக்க வேண்டும். கணவர் இறந்த வீட்டில் இது இன்னும் கொடுமை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் போன பிறகு, கேஸ், மின்சாரம், வங்கி, டிஷ் என்று ஒவ்வொரு பெயராக மாற்ற அவள் அலைகிறாள். இருபத்தைந்து வருடம் நடத்திய வீட்டில் தன் பெயர் ஒரு ரசீதில்கூட இல்லை என்று அப்போதுதான் தெரிகிறது. டிஷ் அந்தப் பட்டியலில் கடைசி. ஆனால் தனிமையான மாலைகளில் முதலில் தேவைப்படுவதும் அதுதான்.

ஒரு நியாயமான மறுப்பு பெண்களிடமிருந்தே வரும். “இருக்கிற வேலை போதாதா? ஆம்பளைங்க செய்யற ஒண்ணு ரெண்டு வேலையையும் நாமளே இழுத்துப் போட்டுக்கணுமா? அவங்களே செஞ்சிட்டுப் போகட்டுமே!”

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் களைப்பை மதிக்கிறேன். இரட்டைச் சுமையை மூன்றாக்கச் சொல்வதற்குப் பெண்ணியம் தேவையில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் செய்யும் இந்த வேலை மாதத்துக்கு ஒருமுறை வருவது, முடிந்ததும் பாராட்டு கிடைப்பது. நாம் செய்வது நாளைக்கு மூன்றுமுறை வருவது, பாராட்டே இல்லாதது. அந்த மாதம் ஒருமுறை வேலையைக் காட்டித்தான் ‘வெளி வேலையெல்லாம் நான் பாக்கறேன்ல’ என்று தினசரி வேலையிலிருந்து விலக்கு வாங்கிக்கொள்கிறார்கள். நமக்கு அது தெரிந்துவிட்டால் அந்த விலக்குச் சீட்டு செல்லாது.

இரண்டாவது, தெரிந்திருப்பது வேறு, செய்தே ஆகவேண்டும் என்பது வேறு. டிஷ்ஷைத் தாராளமாக அவரே பார்க்கட்டும். ஆனால் அவர் இல்லாத நாளில் வீடு நின்றுபோகக் கூடாது. கதவைத் தட்டும் முன்பின் தெரியாத ஒருவரை, தனியாக இருக்கும் மதியத்தில், வேறு வழியில்லாமல் உள்ளே விடவேண்டிய நிலை வரக் கூடாது. ‘எல்.என்.பி. போச்சும்மா, கேபிள் முழுக்க மாத்தணும்’ என்று வந்தவர் சொன்னால், “குவாலிட்டி மட்டும்தானே இல்ல? ஸ்ட்ரென்த் இருக்கே. முதல்ல டிஷ்ஷைத் திருப்பிப் பாருங்க” என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்த ஒரு வாக்கியம் பல நூறு ரூபாயை மிச்சப்படுத்தும். அதைவிட, அடுத்தமுறை அவர் அந்த வீட்டில் பொய் சொல்ல யோசிப்பார்.

ஆகவே சில காரியங்கள். இணைப்பில் உங்கள் கைபேசி எண்ணைப் பதிவு செய்யுங்கள், இந்த வாரமே. படம் நன்றாக வரும் ஒரு நாளில் மெனுவுக்குள் போய் ஸ்ட்ரென்த், குவாலிட்டி இரண்டும் எவ்வளவு என்று காலண்டர் ஓரத்தில் எழுதிவையுங்கள். நல்ல நாளின் அளவு தெரிந்தால்தான் கெட்ட நாளில் என்ன குறைந்தது என்று தெரியும். டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு படம் எடுத்துவையுங்கள். அடுத்தமுறை பழுதுபார்க்க ஆள் வந்தால் காபி போட உள்ளே போகாதீர்கள். பக்கத்தில் நின்று என்ன செய்கிறார் என்று பாருங்கள், கேளுங்கள். காபியை வீட்டில் இருக்கும் யாராவது போடட்டும்.

மகள்கள் இருக்கும் வீடுகளில் இன்னும் ஒன்று. விளக்குக்கு எண்ணெய் விடவும் கோலத்துக்குப் புள்ளி வைக்கவும் பத்து வயதில் சொல்லிக்கொடுக்கிறோம். பதினைந்துக்குப் பதினைந்து புள்ளியில் ஓர் இழை பிசகாமல் சிக்குக்கோலத்தை முடிப்பவளுக்கு, ஒரு கேபிள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடர்ந்து போவது கஷ்டமே இல்லை. ஸ்க்ரூ டிரைவர் எந்தப் பக்கம் திருகினால் இறுகும், எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று அவளுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். மகனுக்கும் சொல்லுங்கள். கூடவே குக்கர் கேஸ்கட்டையும் அவன் கையில் கொடுங்கள்.

சேவை மையங்களுக்கும் சொல்லவேண்டியது உண்டு. கூப்பிட்டவர் யாரோ அவர்தான் வாடிக்கையாளர். அவரிடமே பேசுங்கள். வீட்டுக்கு வரும் வேலையில் பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுங்கள். தனியாக இருக்கும் பெண்கள் அவர்களைத்தான் கேட்டு வாங்குவார்கள். நாமும் கேட்போம். ஒவ்வொரு அழைப்பிலும் கேட்போம்.

அந்தப் பழைய கேள்வி மறுபடி வந்தால் ஃபோனை யாரிடமும் நீட்ட வேண்டாம். சார் இருக்கிறாரா இல்லையா என்ற விவரமும் வேண்டாம். “ஸ்ட்ரென்த் எழுபது, குவாலிட்டி பூஜ்யம், பின்னாடி கனெக்டரைக் கழற்றிப் பார்த்துட்டேன். டிஷ் திரும்பியிருக்கு. எப்போ ஆள் அனுப்புவீங்க?” என்று கேளுங்கள்.